ஆடி மாதத்தில் கிரீஸ்

"வேலூரில் 42 டிகிரியைப் பார்த்தவர்கள் நாங்கள், ஏதென்ஸ் வெயில் எங்களை என்ன செய்யும்?" கிரீஸுக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர் பெட்டியில் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தைரியத்தைத்தான். அதை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மற்றதையெல்லாம் எப்படி எடுத்துப் போவது என்று பார்ப்போம்.

தேதி உங்கள் கையில் இருக்கிறது என்றால் மே கடைசியிலோ செப்டம்பர் பின்பாதியிலோ போங்கள்; இந்த அத்தியாயத்தைப் படிக்கவே வேண்டாம். ஆனால் லண்டன், பாரிஸ், சூரிச் என்று குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டியும் அப்போதுதான் பயணத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். போயே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது இது.

## அந்த வெயில் நம் வெயில் அல்ல

ஏதென்ஸில் ஜூலை மாதப் பகலின் சராசரி உச்சம் 33, 34 டிகிரி. கேட்டால் சாதாரணம். வெப்ப அலை வந்தால் 40-ஐத் தாண்டும். 1977 ஜூலை 10 அன்று ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள எலெஃப்சினாவில் 48 டிகிரி பதிவானது. 2021-இல் சிசிலியில் 48.8 பதிவாகும்வரை ஐரோப்பாவின் உச்சம் அதுதான். ஆனால் உங்களுக்கு முக்கியம் இந்த எண்கள் அல்ல, மூன்று வேறுபாடுகள்.

கடிகாரம். கோடையில் ஏதென்ஸின் உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, ஒன்றரை மணிக்கு. கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு ஊர் தன் நேர வலயத்தின் மேற்குப் பக்கமாக இருக்கிறது. அதனால் காற்றின் சூடு உச்சத்தைத் தொடுவது 3 மணியிலிருந்து 5 மணிக்குள். ஜூலை நடுவில் சூரியன் மறைய இரவு 8.45 ஆகிவிடும். நாலு மணிக்கு "வெயில் தாழ்ந்தது, கிளம்பலாம்" என்று எழும் நம் பழக்கம் அங்கே உங்களை நேராக உச்ச சூட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

வியர்வை. சென்னையில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்போதே தண்ணீர் தேடுவோம். ஏதென்ஸின் கோடைக் காற்று வறண்டது. வியர்வை வருவதும் காய்வதும் ஒன்றாகவே நடக்கும். சட்டை உலர்ந்தே இருக்கும். உடம்பிலிருந்து ஒரு லிட்டர் போன பிறகும் "எனக்கொன்றும் வியர்க்கவில்லையே" என்பீர்கள்.

நடை. வேலூரின் 42 டிகிரியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழேதானே? வேலூர்க்காரர் யாரும் மதியம் ஒரு மணிக்கு மொட்டைப் பாறையில் ஏறுவதில்லை. சுற்றுலாப் பயணி அதைத்தான் செய்கிறார், அதுவும் காசு கொடுத்து.

## கிளம்புவதற்கு முன்

1. பட்டியலில் பாதியை அடியுங்கள். ஒரு நாளுக்குக் காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் ஒரு சிறிய இடம், அவ்வளவுதான். ஏழு நாள் இருந்தால் ஏதென்ஸுக்கு மூன்று, ஒரே ஒரு தீவுக்கு நான்கு. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு மிகோனோஸ், சான்டோரினி, கிரீட் மூன்றையும் பார்க்காமல் போவதா" என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் கேட்பார். மூன்று தீவு என்றால் மூன்று முறை பெட்டியோடு துறைமுகத்து வெயிலில் நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அங்கே நிழல் குறைவு, காத்திருப்பு அதிகம்.

2. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாள். ஏதென்ஸ் மக்களே சொந்த ஊருக்கும் தீவுகளுக்கும் கிளம்பிவிடுவார்கள். கப்பல் சீட்டு கிடைக்காது. நகரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். டினோஸ் தீவின் மாதா கோவிலுக்கு அன்று வரும் கூட்டம் நம் வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி. இல்லாவிட்டால் அந்த வாரம் வேண்டாம்.

3. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் மலைக்கான சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். அதிகாரப்பூர்வ இணையச் சீட்டு நேரம் குறித்துத் தரப்படுகிறது. காலை 8 மணிச் சீட்டுதான் முதலில் தீரும். அது கிடைத்த நாளைச் சுற்றி மற்ற நாட்களை அமையுங்கள். விடுதியை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு இதைத் தேடினால் 11 மணிச் சீட்டுதான் மிஞ்சும்.

4. அறையைப் பதிவு செய்யுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஏ.சி. உண்டா? அதற்குத் தனிக் கட்டணமா? அறை மொட்டை மாடிக்கு நேர்க் கீழே இருக்கிறதா? லிஃப்ட் இருக்கிறதா? தீவுகளின் பழைய வீட்டு அறைகளில் இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. இன்னொன்று: இரவு வாடகைக்கு மேல் அரசுக்கான காலநிலைக் கட்டணம் ஒன்றை விடுதியில் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். கோடை மாதங்களில் அது அதிகம். விடுதியின் நட்சத்திரத் தகுதியைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை என்று 2025-இல் வைத்திருந்தார்கள்.

5. காப்பீட்டுத் தாளைப் படியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா கேட்பவர்களுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவுக்காக வாங்கிக் கோப்பில் செருகிவிட்டால் போதாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பொருந்துமா, தீவிலிருந்து ஏதென்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவைத் தருவார்களா என்று பாருங்கள். நிறுவனத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண் குடும்பத்தில் ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

6. மருத்துவரிடம் ஒரு கேள்வி. சிறுநீரை அதிகமாக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மருந்துகள், சில ஒவ்வாமை மாத்திரைகள் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். "நாற்பது டிகிரியில் ஒரு வாரம் இருக்கப் போகிறேன், மாத்திரை அளவு இதே இருக்கலாமா?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் குளிர்காப்புப் பை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நிற்கும் காருக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உடை. தளர்ந்த, முழுக்கை வைத்த, வெளிர்நிறப் பருத்தி அல்லது லினன். அரைக்கால் சட்டையும் கையில்லாச் சட்டையும்தான் கோடை உடை என்று விளம்பரப் படங்கள் நம்ப வைத்திருக்கின்றன; நேர் வெயில் தோலில் விழாமல் இருப்பதுதான் குளிர்ச்சி. நம் பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் இதற்கென்றே செய்தது போல இருக்கும். மெட்டியோரா மடங்களுக்குப் போனால் தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்ற விதிக்கும் அது பொருந்தும். கழுத்து மறையும் அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி. செருப்பு வேண்டாம், ஏன் என்பது அக்ரோபோலிஸில் தெரியும்.

சன்ஸ்கிரீன். "நம் தோலுக்கு எதற்கு?" என்பவர்களுக்கு: கறுத்த தோலும் வேகும், நேரம்தான் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடலில் இறங்கி ஏறினால் உடனே மறுபடியும். காது மடலையும் பாதத்தின் மேற்பக்கத்தையும் எல்லோரும் மறப்பார்கள்.

## நாளை இரண்டாக வெட்டுங்கள்

ஒரே ஒரு விஷயத்தைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மதியம் 12.30-லிருந்து மாலை 6.30 வரை உங்கள் திட்டத்தில் வெளி வேலை எதுவும் இருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் வீணாகிறதே என்று தோன்றும். வீணாகாது, இடம் மாறுகிறது. அங்கே இரவு 9 மணிக்குத்தான் ஊர் உயிர் பெறுகிறது. குழந்தைகள் 11 மணிக்கும் சதுக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

நாட்டுக்காரர்களே இப்படித்தான் வாழ்கிறார்கள். கோடையில் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை சத்தம் போடக் கூடாது என்பது அங்கே விதி. கடும் வெப்ப நாட்களில் கட்டட வேலை, உணவு விநியோகம் போன்ற வெளி வேலைகளை நண்பகல் 12 முதல் 5 வரை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டிருக்கிறது. சம்பளத்துக்கு உழைப்பவரையே உள்ளே போகச் சொல்லும் நேரத்தில் விடுமுறைக்கு வந்தவர் தெருவில் அலைய வேண்டிய அவசியம் என்ன?

ஏதென்ஸில் ஒரு நாள் இப்படி அமையலாம்:

1. 6.15: எழுந்திருங்கள். படுக்கையிலிருந்து இறங்கியதும் இரண்டு தம்ளர் தண்ணீர்.
2. 7.00: சிற்றுண்டி. பல விடுதிகளில் இந்நேரத்துக்கு எதுவும் திறந்திருக்காது. முந்தைய நாளே தயிர், பழம், ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது தெருமுனை ரொட்டிக்கடையில் கீரை வைத்த ஸ்பானகோபிட்டா.
3. 8.00 – 10.30: அன்றைய பெரிய இடம்.
4. 10.30 – 12.30: நிழலுள்ள இடம், அல்லது குளிரூட்டிய அருங்காட்சியகம்.
5. 12.30 – 2.00: சாப்பாடு. லேசாக.
6. 2.00 – 6.00: அறை, குளியல், தூக்கம். மர ஜன்னல் கதவுகளைக் காலையிலேயே மூடிவிட்டுப் போயிருந்தால் அறை வெந்திருக்காது.
7. 6.30-க்குப் பிறகு: மாலையின் சிறிய இடம், கடை, கடற்கரை.
8. 9.00: இரவு உணவு, அல்லது திறந்தவெளித் திரையரங்கு.

இதில் ஆறாவதைத்தான் எல்லோரும் உடைப்பார்கள். இரண்டாம் நாள் "தூக்கம் வரவில்லை, சும்மா பிளாக்கா பகுதியில் ஒரு சுற்று" என்று கிளம்பினால் மூன்றாம் நாள் காலை எழ முடியாது. வெயிலின் களைப்பு ஒரே நாளில் தெரியாது. சேர்ந்துகொண்டே போய் மூன்றாம் நாள் ஆளை அடிக்கும். குழந்தைகளுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வெப்ப அலை எச்சரிக்கை வந்தால்: மேலே சொன்னதில் நாலாவதையும் விட்டுவிட்டு 10.30-க்கே அறைக்குத் திரும்புங்கள். தொலைக்காட்சியில் "காஃப்சோனஸ்" என்ற சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் அதுதான் விஷயம். அறையில் ஏ.சி. பழுதானால் விடுதிக்காரரோடு வாக்குவாதம் செய்து வெந்துகொண்டிருக்காதீர்கள். இத்தகைய நாட்களில் ஏதென்ஸ் நகராட்சி குளிரூட்டிய கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும். எங்கே என்று வரவேற்பறையில் கேளுங்கள்.

## அக்ரோபோலிஸ்: படிப்படியாக

கிரீஸ் பயணத்தில் வெயில் மயக்கம் வர வாய்ப்புள்ள முதல் இடம் இது. கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்கு மேல் உயர்ந்த சுண்ணாம்புப் பாறை. உச்சியில் நிழலே இல்லை என்று சொல்லலாம். மேலிருந்து வெயில், கீழே வெள்ளைக் கல்லிலிருந்து எதிரொளிக்கும் வெயில், சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஆட்கள். ஒரு நாளுக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள் என்றாலே கூட்டத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1. 7.30-க்கு மெட்ரோவின் சிவப்பு வழியில் அக்ரோபோலி நிலையத்தில் இறங்குங்கள். தென்கிழக்கு வாசல் அங்கிருந்து சில நிமிட நடை. மேற்கே இருக்கும் பிரதான வாசலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் குவியும். இங்கே அவ்வளவு இருக்காது.

2. சீட்டில் போட்ட நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பின் மட்டுமே அனுமதி. தாமதமானால் சீட்டு போச்சு. 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு 30 யூரோ. பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். ஒரு சிறு பை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். மேலே குடிநீர்க் குழாய் இருக்கிறது.

3. உள்ளே போனதும் டயோனிசஸ் அரங்கைப் பார்க்க நிற்காதீர்கள். இதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வழியில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து ஏறி, உச்சிக்குப் போகும்போது பத்து மணியாகிவிடும். நேராக மேலே போங்கள். பார்த்தினான், எரெக்தியான் கோவில்களைக் குளிர்ந்த நேரத்தில் பார்த்துவிட்டு, இறங்கும்போது அரங்கில் உட்காருங்கள்.

4. மேலே கால் வைக்கும் கல்லைப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் தேய்ந்த பளிங்கு, காய்ந்திருந்தாலும் வழுக்கும். நுழைமண்டபமான புரோபிலையாவின் படிகளில் செருப்போடு சறுக்குபவர்களைத் தினமும் பார்க்கலாம். படம் எடுத்தபடி பின்னோக்கி நடக்கவே கூடாது.

5. 9.45-க்கு இறங்கத் தொடங்குங்கள். கூட்டம் எதிரே ஏறி வரும். அவர்கள் முகத்தைப் பார்த்தால் சீக்கிரம் வந்ததன் அருமை தெரியும்.

6. அடிவாரத்தில் இருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்கு அப்படியே போய்விடுங்கள். 2009-இல் திறந்த கட்டடம், முழுக்கக் குளிரூட்டியது. எரெக்தியானைத் தாங்கி நின்ற பெண் சிலைகளில் ஐந்தின் அசல் இங்கேதான் இருக்கிறது. மேலே நீங்கள் பார்த்தவை நகல்கள். மேல்தளத்தில் பார்த்தினானின் சிற்ப வரிசையைக் கோவிலின் அதே அளவில், அதே திசையில் நிறுத்தியிருக்கிறார்கள். மலையில் ஒரு மணி நேரமும் இங்கே இரண்டு மணி நேரமும் செலவிடுவதுதான் என் கணக்கில் சரியான விகிதம். வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 வரை திறந்திருக்கும்.

காலைச் சீட்டு கிடைக்காவிட்டால் கடைசி நேரச் சீட்டு வாங்குங்கள். கோடையில் இரவு 8 மணிக்கு மூடுவார்கள். வெளிச்சம் அழகாக இருக்கும், ஆனால் பகலெல்லாம் காய்ந்த பாறை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதியவர்களோடு போனால் காலைதான் நல்லது. 2023, 2024, 2025 கோடைகளில் வெப்ப அலை நாட்களில் மதியம் முதல் மாலை 5 வரை மலையையே மூடினார்கள். அதனால் நடுப்பகல் சீட்டு எந்த வகையிலும் நல்ல சீட்டு அல்ல.

மாலைக்கான இடங்கள்: எதிரே இருக்கும் ஃபிலோபாப்போஸ் குன்றில் பைன் மரங்கள் உண்டு, கட்டணம் கிடையாது, பார்த்தினான் முழுதாகத் தெரியும். சூனியோன் முனையிலுள்ள பொசைடன் கோவில் நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்; கடற்காற்று, அஸ்தமனம். ஆகஸ்ட் பௌர்ணமியில் கிரேக்க அரசு பல தொல்லிடங்களை இரவில் இலவசமாகத் திறந்து வைக்கும். உங்கள் தேதியில் அது விழுந்தால் விடாதீர்கள்.

## தண்ணீர், உப்பு, சாப்பாடு

ஏதென்ஸில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பல தீவுகளில் உப்புக் கரிக்கும், அங்கே பாட்டில்தான். தெருமுனைப் பெட்டிக்கடைகளில் அரை லிட்டர் பாட்டில் அரை யூரோ அளவில் கிடைக்கும். நடக்கும்போது தாகத்துக்குக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்று குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் ஊற்றிக்கொள்வதில் பயனில்லை.

வெறும் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கக் குடித்தால் உடம்பின் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் வாந்தியும் வரும். தண்ணீர் குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். ஆகவே உப்பும் சேர்த்தே போக வேண்டும். நல்லவேளையாக, கிரேக்கக் கோடை உணவு இதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது: தக்காளி, வெள்ளரி, ஆலிவ், உப்பில் ஊறிய ஃபெட்டா பாலாடைக்கட்டி சேர்ந்த ஹோரியாட்டிகி, தயிரில் வெள்ளரியும் பூண்டும் கலந்த சாட்சிகி, தர்பூசணி. சூப்பர் மார்க்கெட்டில் "அரியானி" என்று கேளுங்கள், உப்புப் போட்ட மோர்தான்.

சைவர்களுக்கும் கவலை இல்லை. அரிசி அடைத்து வேகவைத்த தக்காளியும் குடைமிளகாயும் (இறைச்சி இல்லாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்), பெரிய வெள்ளைப் பீன்ஸ், எண்ணெயில் வதக்கிய காய்கறிகள் எல்லா உணவகத்திலும் உண்டு. பொரித்ததையும் இறைச்சித் தட்டுகளையும் இரவுக்கு வையுங்கள். ஊசோவும் பீரும் மதியம் வேண்டாம். சூரியன் மறைந்த பின் உங்கள் விருப்பம்.

கையில் இருக்க வேண்டியது: ஊரிலிருந்தே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஆளுக்கு நாலைந்து. பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சுவைக்காகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. தீர்ந்துவிட்டால் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் "எலெக்ட்ரோலைட்" என்றால் புரிந்துகொள்வார்கள்.

எளிய சோதனை: சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. அடர்மஞ்சளாக இருந்தாலோ ஐந்தாறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றாலோ, அன்றைய ஊர்சுற்றல் முடிந்தது.

## தீவுகளில்

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். மாதக் கணக்கைப் பார்த்தால் அது அவர்களுடைய ஆடிக்காற்று. அம்மி பறக்கிறதோ இல்லையோ, கப்பல் நிற்கும். காற்றின் வேகம் 8 போஃபோர்ட் அளவை எட்டினால் பொதுவாகக் கப்பல்களைத் தடுத்துவிடுவார்கள். அதிவேகப் படகுகள் அதற்கும் முன்பே நிற்கும்.

1. தீவிலிருந்து திரும்பும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடுவில் ஏதென்ஸில் ஓர் இரவு வையுங்கள்.
2. வயிறு புரட்டுபவர்கள் அதிவேகப் படகைத் தவிர்த்துப் பெரிய கப்பலில் போங்கள். நேரம் கூடும், ஆட்டம் குறையும், கட்டணமும் குறைவு.
3. பிரேயஸ் துறைமுகத்தில் வாசல்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். சீட்டில் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தவறான வாசலில் இறங்கி வெயிலில் பெட்டி இழுப்பது அங்கே அன்றாடக் காட்சி. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீல வழி நேராகப் பிரேயஸ் வரை போகிறது.
4. காற்று பிடிக்காதவர்கள் மிகோனோஸ், நாக்ஸோஸ் பக்கம் போகாமல் மேற்கே அயோனியக் கடலின் கோர்ஃபு, கெஃபலோனியாவைப் பாருங்கள்.

மெல்டெமியின் பொல்லாத குணம், சுகமாக இருப்பது. காற்று அடிக்க அடிக்கத் தோல் வேகுவது தெரியாது. படகின் மேல்தளத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இரவில் படுக்க முடியாமல் தவிப்பார்கள்.

நடைப்பாதைகள். இதில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். 2024 ஜூனில் சில வாரங்களுக்குள் கிரேக்கத் தீவுகளில் வெயிலில் நடக்கப்போன வெளிநாட்டுப் பயணிகள் பலர் இறந்தார்கள். சிமித் தீவில் இறந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி அவர்களில் ஒருவர். உடல்நலத்தைப் பற்றி ஊருக்கே சொன்னவர். கடற்கரையிலிருந்து தனியாக நடக்கக் கிளம்பினார். ஆகவே:

- தனியாகப் போகாதீர்கள். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.
- சான்டோரினியின் ஃபிராவிலிருந்து ஓயா வரை சுமார் 10 கிலோமீட்டர், நிழல் கிடையாது. விடியற்காலை கிளம்பினால் மட்டும்.
- கிரீட்டின் சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர். நடுவில் மனம் மாறினால் வெளியேற வழியில்லை. கடும் வெப்ப நாட்களில் அதிகாரிகளே மூடிவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் முதியவர்களோடும் சிறுவர்களோடும் வேண்டவே வேண்டாம்.
- டெலோஸ் தீவு முழுதும் திறந்தவெளி இடிபாடு. மிகோனோஸிலிருந்து முதல் படகில் போய், அடுத்து கிடைக்கும் படகில் திரும்புங்கள்.
- வழி தப்பினால் குறுக்குப் பாதை தேடாமல் வந்த வழியே திரும்புங்கள். கைபேசியில் சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் அதுவும் திரும்பும் நேரம்.

கடல். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். பாறைக் கரைகளில் கறுப்புக் கடல்முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஜெல்லிமீன் கொட்டினால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரால் அல்ல, தேய்க்காதீர்கள். குடித்துவிட்டு நீந்துவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

## காட்டுத்தீ

2018 ஜூலை 23 அன்று ஏதென்ஸுக்குக் கிழக்கே மாட்டி என்ற ஊரில் பரவிய தீயில் 104 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவிய பகுதிகளிலிருந்து சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள்.

1. கைபேசியின் அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால் இயக்குங்கள். 112 எச்சரிக்கை கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் பெரும் ஒலியோடு வரும்.
2. கடவுச்சீட்டு, மருந்து, பணம், சார்ஜர் நான்கையும் ஒரே சிறு பையில் எப்போதும் வைத்திருங்கள்.
3. வெளியேறச் சொன்னால் உடனே, சொன்ன திசையில் மட்டும். பெட்டியை விடுங்கள். காரில் தீயைப் பார்க்கப் போகாதீர்கள்.
4. தீ ஆபத்து அதிகமான நாட்களில் சில காடுகளுக்குள் போகத் தடை இருக்கும். காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்துவதும் சிகரெட்டை எறிவதும் கூடாது.

## வெயில் தாக்கினால்

இரண்டு நிலைகளையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

வெப்பக் களைப்பு: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை. ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். நிழலுக்கோ ஏ.சி. உள்ள கடைக்கோ கூட்டிப் போங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ஓ.ஆர்.எஸ்.-ஐச் சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவ உதவி தேடுங்கள். தேறினாலும் அன்று மறுபடி வெளியே போகக் கூடாது.

வெப்பத் தாக்கு: உளறுவார், தள்ளாடுவார், காரணமின்றிக் கோபப்படுவார், மயங்குவார் அல்லது வலிப்பு வரும். உடம்பு கொதிக்கும். வியர்வை நின்றும் இருக்கலாம், வந்துகொண்டும் இருக்கலாம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேச்சு குழறுவதுதான் அடையாளம். இது உயிர் போகும் நிலை.

1. ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸின் நேரடி எண் 166.
2. மற்றவர்கள் அதற்குள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள்.
3. பெட்டிக்கடையில் பனிக்கட்டியோ குளிர்ந்த பாட்டில்களோ வாங்கிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.
4. நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துக் கிடத்துங்கள்.
5. பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல, மாத்திரைக்கு இறங்காது.
6. எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லத் தெரியாவிட்டால் கைபேசியைப் பக்கத்துக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். கிரேக்கத்தில் அவர் பத்து நொடியில் சொல்லிவிடுவார்.